இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் வகுப்பை மாற்றி எடுப்பது எப்படி: புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கப்பியில் தொங்கும் இரண்டு எடைகள் கணக்கைப் பிசிறில்லாமல் போட்டு, 13 மதிப்பெண் கேள்வியில் 12 வாங்கிய மாணவன் ஒருவனிடம் ஒருமுறை ஒரு சின்னக் கேள்வி கேட்டேன். மேலே எறிந்த கல் பாதி உயரத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது, அப்போது அதன்மேல் என்னென்ன விசைகள், வரைந்து காட்டு என்றேன். கீழ்நோக்கி ஒரு அம்பு போட்டு எடை என்று எழுதினான். மேல்நோக்கி அதைவிடப் பெரிய அம்பு ஒன்று போட்டு, "எறிந்த விசை" என்று எழுதினான். மறுநாள் வகுப்பு முழுவதையும் வரையச் சொன்னேன். பாதிக்கு மேல் அதே அம்பு.

கணக்கு வந்துவிட்டது, மெக்கானிக்ஸ் வரவில்லை. காரணம் பாடத்தின் கடினம் இல்லை, நாம் எடுக்கும் வரிசை. மாணவன் மனதில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று கேட்காமலே அதன்மேல் சூத்திரத்தை எழுதிவிடுகிறோம். தேர்வு முடிந்ததும் சூத்திரம் போய்விடும், பழைய நம்பிக்கை அங்கேயே இருக்கும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த நம்பிக்கையை முதலில் வெளியே வரவைத்து, பிறகு பாடம் எடுப்பதற்கானவை.

அறுபது பேர் வகுப்பு, ஒரு கரும்பலகை, ஐந்து யூனிட், ஒரு செமஸ்டர். இதை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். தனிக் கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை.

1. செமஸ்டர் தொடங்கும் முன் சேர்த்து வைக்க வேண்டியவை

இரண்டு ஸ்பிரிங் தராசு, இரண்டு கப்பி, நைலான் கயிறு, ஒரு கிலோ எடைக்கல் இரண்டு, வீட்டில் உடல் எடை பார்க்கும் மெஷின் ஒன்று. இவ்வளவுதான் சாமான். எல்லாம் ஒரு பையில் அடங்கிவிடும்.

அடுத்தது கேள்விகள். ஒவ்வொரு வகுப்புக்கும் எண்ணே இல்லாத இரண்டு கேள்விகளை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். வகுப்பில் நின்றுகொண்டு யோசித்தால் நல்ல கேள்வி வராது. பழைய விடைத்தாள்களை ஹெச்.ஓ.டி.யிடம் கேட்டு வாங்கி, முப்பது தாளில் உள்ள விசைப்படங்களை மட்டும் பாருங்கள். எந்தத் தப்பு திரும்பத் திரும்ப வருகிறதோ அதுதான் உங்கள் கேள்வி. தேர்வில் வரும் தவறான விருப்பங்களைக்கூட நீங்கள் கற்பனை செய்யத் தேவையில்லை, மாணவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, இன்டர்னல் மதிப்பெண்ணை எப்படிப் பிரிப்பது என்பதில் துறையின் ஒப்புதல். இதைச் செமஸ்டர் நடுவில் கேட்டால் கிடைக்காது. அதே பாடத்தை இன்னொரு பிரிவுக்கு எடுப்பவரோடும் முன்பே பேசிவிடுங்கள். இரண்டு பிரிவுக்கு இரண்டு விதமான இன்டர்னல் தாள் என்றால் முதல் புகார் மாணவர்களிடமிருந்துதான் வரும், அது நியாயமான புகாரும்கூட.

2. முதல் வகுப்பில் பாடம் வேண்டாம், ஒரு தேர்வு வையுங்கள்

இதற்கென்றே ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரி என்று பெயர். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹெஸ்டனஸும் இரண்டு சக ஆய்வாளர்களும் 1992-ல் வெளியிட்டது. இப்போது புழங்கும் வடிவத்தில் 30 கேள்விகள், அரை மணி நேரம். கணக்கே கிடையாது. தவறான விருப்பங்கள் ஒவ்வொன்றும் மாணவர்கள் உண்மையிலேயே நம்பும் கருத்துகள். ஆசிரியர் என்று உறுதி செய்துகொண்டால், இயற்பியல் ஆசிரியர்களுக்கான ஃபிஸ்போர்ட் (PhysPort) இணையதளத்தில் கிடைக்கும்.

மதிப்பெண் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மதிப்பெண் உண்டென்றால் பக்கத்து பெஞ்சைப் பார்ப்பார்கள், அப்புறம் உங்களுக்குத் தெரிவது வகுப்பின் நிலைமை ஆகாது. முடிந்ததும் தாள்களை எண்ணித் திரும்ப வாங்குங்கள். விடைகளை விவாதிக்காதீர்கள். செமஸ்டர் கடைசியில் இதே தாளைத்தான் மறுபடி வைக்கப்போகிறீர்கள். ஒரு தாள் வாட்ஸ்ஆப்பில் போய்விட்டால் உங்களுக்கு மட்டுமல்ல, அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் அது பயன்படாது.

இந்தத் தாளில் திருப்புத்திறன், திண்பொருள் சமநிலை இதெல்லாம் வராது. ஸ்டாட்டிக்ஸ் யூனிட்டுகளுக்கு நீங்களே ஐந்தாறு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள்: சுவரில் சாய்த்த ஏணியின் அடியில் உராய்வு எந்தப் பக்கம், கீல் போட்ட கதவில் கீல் எந்தத் திசையில் இழுக்கும், இந்த மாதிரி.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, முடிவைப் பார்த்து வகுப்பைத் திட்டுவது. "ப்ளஸ் டூவில் என்ன படிச்சீங்க?" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் மனதில் இருப்பதைச் சொல்ல மாட்டார்கள். இந்த முறை முழுவதும் அவர்கள் மனதில் இருப்பதைச் சொல்வதில்தான் நிற்கிறது.

3. வாயில் புழங்கும் சொற்களை முதலில் பிரித்துக் காட்டுங்கள்

இதற்கு ஒரு வகுப்பு முழுதாகக் கொடுங்கள். வீணாகாது.

"குழாயில் தண்ணி ஃபோர்ஸா வருது", "வண்டி ஃபோர்ஸா வந்து மோதிருச்சு" என்று நாம் எல்லோருமே பேசுகிறோம். அங்கே ஃபோர்ஸ் என்றால் வேகம், அல்லது உந்தம். கல்லுக்குள் "எறிந்த விசை" இருக்கிறது என்று மாணவன் நினைப்பதற்கு அவன் பேசும் பேச்சே துணை நிற்கிறது. கல்லுக்குள் இருப்பது விசை இல்லை, கையை விட்டபோது அது பெற்ற திசைவேகம். விசை ஒரு பொருளுக்குள் இருக்காது, இரண்டு பொருள்களுக்கு நடுவில்தான் இருக்கும் என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்து எடையும் நிறையும். கடையில் எடை கிலோவில் சொல்கிறோம். கணக்கில் கிலோ என்றால் நிறை, எடை நியூட்டனில். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களுக்கு நிறை, எடை இரண்டும் பள்ளிப் புத்தகச் சொற்களாகத் தெரியும், ஆங்கிலச் சொற்களோடு அவற்றை இணைக்கத்தான் தெரியாது. பலகையில் இரண்டு மொழியிலும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். டென்ஷன் என்றால் மனக்கவலை இல்லை, கயிற்றின் இழுவிசை. மொமென்ட் வேறு, மொமென்டம் வேறு. ஒன்று திருப்புத்திறன், மற்றது உந்தம். ஒலி ஒன்றுபோல இருப்பதால் இதில் தடுமாறுபவர்கள் பலர், கேட்க வெட்கப்படுபவர்கள் அதைவிடப் பலர்.

மிகப் பெரிய குழப்பத்தை நாமே உண்டாக்குகிறோம்: "நார்மல் ரியாக்ஷன்". மேசைமேல் இருக்கும் புத்தகத்தின் எடையும், மேசை புத்தகத்தைத் தாங்கும் விசையும் செயல், எதிர்ச்செயல் ஜோடி என்றுதான் கிட்டத்தட்ட எல்லோரும் நினைக்கிறார்கள். ரியாக்ஷன் என்று நாமே பெயர் வைத்துவிட்டால் வேறு எப்படி நினைப்பார்கள்? பூமி புத்தகத்தை இழுக்கிறது, அதன் ஜோடி புத்தகம் பூமியை இழுப்பது. மேசை புத்தகத்தைத் தள்ளுகிறது, அதன் ஜோடி புத்தகம் மேசையைத் தள்ளுவது. ஜோடி விசைகள் இரண்டும் ஒரே பொருளின்மேல் ஒருபோதும் விழாது. நான் வகுப்பில் "நார்மல் விசை" என்று மட்டும் சொல்கிறேன். தேர்வுத்தாளில் ரியாக்ஷன் என்று வரும், அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும்.

4. இரண்டு வாரம் எஃப்பிடி மட்டும், சமன்பாடு கிடையாது

மொத்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

எஃப்பிடி (ஃப்ரீ பாடி டயகிராம்) என்று நாம் சொல்லும் தனித்த பொருள் விசைப்படத்தைப் பெரும்பாலும் கணக்கின் முதல் வரியாக ஒரு நிமிடத்தில் வரைந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நமக்கு அது பழகிவிட்டது. மாணவனுக்கோ தவறு முழுவதும் அந்த ஒரு நிமிடத்தில்தான் நடக்கிறது. சமன்பாடு எழுதத் தொடங்கிவிட்டால் கவனம் எண்ணுக்குப் போய்விடும், படத்தைத் திரும்பிப் பார்க்கவே மாட்டான். அதனால்தான் இரண்டையும் பிரிக்கச் சொல்கிறேன்.

வரையும் வரிசை இது. மாற்றாமல் செய்ய வையுங்கள்.

ஒன்று: எந்தப் பொருள் என்று பெயர் எழுதுவது. "பெட்டி", "கப்பி மட்டும்", "ஏணியும் அதன்மேல் நிற்பவரும் சேர்த்து". பெயர் எழுதாமல் வரைந்த படத்தில்தான் அடுத்த பொருளின் விசையும் வந்து சேரும்.

இரண்டு: அந்தப் பொருளைச் சுற்றிப் புள்ளிக்கோட்டில் ஒரு வேலி போடுவது.

மூன்று: வேலியின் மேல் விரலை வைத்து ஒரு சுற்று வருவது. எங்கெல்லாம் வேறொரு பொருள் தொடுகிறதோ அங்கெல்லாம் நின்று, அது தள்ளுகிறதா, இழுக்கிறதா, உரசுகிறதா என்று கேட்பது. விரலை உண்மையிலேயே நகர்த்தச் சொல்லுங்கள். குழந்தைத்தனமாகத் தெரியும், ஆனால் தரையின் உராய்வையும் சுவரின் விசையையும் விட்டுவிடும் தவறு இதில்தான் நிற்கிறது.

நான்கு: தொடாமல் இழுப்பது ஒன்றுதான், பூமி. எடையை இப்போது போடுவது.

ஐந்து: ஒவ்வொரு அம்புக்கும் "யார், யாரை" என்று எழுதுவது. "கயிறு பெட்டியை", "தரை பெட்டியை", "பூமி பெட்டியை". யார் என்று சொல்ல முடியாத அம்பை அழித்துவிட வேண்டும்.

இந்த ஐந்தாவது விதிதான் அந்த "எறிந்த விசை"யை ஒழித்தது. கையை விட்டுப் போன கல்லை யார் தள்ளுகிறார்கள்? கை தொடவில்லை. காற்று தொடுகிறது, ஆனால் அது மேலே தள்ளவில்லை. பெயர் எழுத இடமில்லை, அம்பு போய்விடும். நீங்கள் தவறு என்று சொல்லவே தேவையில்லை. அதேபோல, நிறை பெருக்கல் முடுக்கத்தை ஒரு விசையாக வரைபவர்களும் யார் என்று எழுதும்போது நின்றுவிடுவார்கள். கொல்லிமலைக்குப் பேருந்தில் போனவர்கள் எழுபது கொண்டை ஊசி வளைவிலும் வெளிப்பக்கம் தள்ளப்பட்டதாகச் சத்தியம் செய்வார்கள். யார் தள்ளியது என்று கேளுங்கள். உடம்பு நேராகப் போகப் பார்க்கிறது, பேருந்துதான் உள்பக்கமாக வந்து இடிக்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருங்கள்.

வரைவதற்குக் கொடுக்க வேண்டியவை, எளிதிலிருந்து: மேசைமேல் புத்தகம். அந்தப் புத்தகத்தின்மேல் இன்னொரு புத்தகம், இப்போது கீழே உள்ளதை மட்டும் வரை. பறக்கும் கல். சாய்தளத்தில் நழுவாமல் நிற்கும் பெட்டி. முன்னே வேகமெடுக்கும் பேருந்து. சுவரில் சாய்த்த ஏணி. கிணற்றுக் கப்பி.

கடைசி இரண்டிற்குமுன் உள்ள பேருந்தில் கொஞ்சம் தங்குங்கள். பேருந்தை முன்னே தள்ளுவது எது? எல்லோரும் எஞ்சின் என்பார்கள். எஞ்சின் வேலிக்குள் இருக்கிறது, வெளியிலிருந்து தொடுவது சாலை ஒன்றுதான். ஆக, டயரைச் சாலைதான் உராய்வால் முன்னே தள்ளுகிறது. சேற்றில் சக்கரம் சுற்றியும் வண்டி நகராததை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதை நினைவுபடுத்தினால் மெதுவாக ஏற்றுக்கொள்வார்கள். உராய்வு எப்போதும் இயக்கத்தை எதிர்க்கும் என்ற பள்ளி வாக்கியம் இங்கே உடைய வேண்டும்: உராய்வு எதிர்ப்பது, தொடும் இரண்டு பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதை.

கிணற்றுக் கப்பியில் 15 கிலோ வாளியை மெதுவாக இறைக்கிறோம். கப்பி மாட்டிய கொக்கி எவ்வளவு தாங்க வேண்டும்? 15 கிலோவின் எடை, அதாவது 147 நியூட்டன் என்பார்கள். கப்பியைச் சுற்றி வேலி போட்டால் கயிறு இரண்டு இடத்தில் வேலியைத் தாண்டும். இரண்டு பக்கமும் 147 நியூட்டன் கீழே இழுக்கிறது, நேர் கீழாக இழுத்தால் கொக்கிக்கு 294 நியூட்டன், கப்பியின் எடை வேறு. ஒரு கொக்கியை வடிவமைக்கப் போகிறவன் பாதியாகக் கணக்கிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இங்கே புதிய ஆசிரியர்கள் தடுக்கி விழும் இடம், பலகையில் தாமே அழகாக வரைந்து காட்டிவிடுவது. மாணவர்கள் பிரதி எடுப்பார்கள், கை பழகும், மனம் பழகாது. முதலில் அவர்கள் வரையட்டும். நீங்கள் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து, மூன்று தவறான படங்களைப் பார்த்து வைத்துக்கொண்டு, பெயர் சொல்லாமல் அவற்றைப் பலகையில் வரைந்து, எந்த அம்புக்கு ஆள் இல்லை என்று வகுப்பையே கேளுங்கள்.

5. வகுப்பில் கேள்வி கேட்கும் வரிசை

ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1990-களில் பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை இது. நம் வகுப்பறைக்கு அப்படியே பொருந்தும்.

நான்கு விருப்பங்கள் உள்ள ஒரு கேள்வியைப் பலகையில் எழுதுங்கள். உதாரணமாக: லாரியும் இருசக்கர வாகனமும் நேருக்கு நேர் மோதுகின்றன. எது எதன்மேல் அதிக விசை செலுத்தும்?

ஒரு நிமிடம் முழு அமைதி. யாரும் பேசக்கூடாது. இந்த நிமிடம் இல்லாவிட்டால் முதல் பெஞ்சில் இருப்பவர் சொல்வதே வகுப்பின் பதில் ஆகிவிடும்.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் நெஞ்சருகே விரலைக் காட்ட வேண்டும், ஒன்றுமுதல் நான்குவரை. கையைத் தலைக்குமேல் தூக்கச் சொன்னால் பின்னால் இருப்பவர்கள் முன்னால் இருப்பவர்களைப் பார்த்துத் தூக்குவார்கள்.

எண்ணிப் பாருங்கள். சரியான பதில் சொன்னவர்கள் சுமார் 30 முதல் 70 சதவீதம் என்றால் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொல்லுங்கள், மூன்று நிமிடம். அதைவிடக் குறைவென்றால் பேச்சால் பயனில்லை, நீங்கள்தான் ஒரு படி பின்னே போய் விளக்க வேண்டும். அதைவிட அதிகமென்றால் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள்.

பேச்சு தமிழில் நடக்கட்டும். இதை வலியுறுத்திச் சொல்கிறேன். "லாரிக்கு ஒண்ணும் ஆகலையேடா, அப்ப எப்படி ரெண்டும் சமம்?" என்று ஒருவன் கேட்க, "விசை சமம்தான், ஆனா டூவீலரோட நிறை கம்மி, அதனால முடுக்கம் ஜாஸ்தி" என்று அடுத்தவன் சொல்லும்போது நடப்பதுதான் படிப்பு. அதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் பாதிப் பேர் வாயைத் திறக்க மாட்டார்கள். தேர்வில் ஆங்கிலத்தில் எழுதுவதற்கான பழக்கத்தை வீட்டுப்பாடத்தில் கொடுக்கலாம்.

பேசி முடித்ததும் மறுபடி விரல். அதற்குப் பிறகுதான் விடை. முதல் வாக்கெடுப்புக்கும் இரண்டாவதற்கும் நடுவில் உங்கள் முகம், தலையசைப்பு எதுவும் விடையைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. ஒரு வகுப்புக்கு இரண்டு கேள்வி போதும், ஒரு கேள்விக்கு ஏழெட்டு நிமிடம் ஆகிவிடும்.

6. செய்து காட்டும் முன் ஊகத்தை எழுதி வாங்குங்கள்

வெறுமனே செய்து காட்டினால் கைதட்டல் கிடைக்கும், அவ்வளவுதான். மஸூரின் குழு 2004-ல் வெளியிட்ட ஆய்வில், ஊகிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் புரிதல், செயல்விளக்கத்தையே பார்க்காதவர்களைவிடப் பெரிதாக உயரவில்லை. ஊகம் தாளில் இருக்க வேண்டும். வாயால் சொன்னதைப் பிறகு மாற்றிச் சொல்லலாம்.

நான் ஒவ்வொரு ஆண்டும் தவறாமல் செய்வது இது. மேசையின் இரு முனையிலும் கப்பி. நடுவில் ஸ்பிரிங் தராசைப் படுக்க வைத்து, இரு பக்கமும் கயிறு கட்டி, கப்பிகளின் மேலாகப் பக்கத்துக்கு ஒரு கிலோ எடைக்கல்லைத் தொங்கவிடுவேன். தராசு என்ன காட்டும்? பூஜ்யம் என்று ஒரு கூட்டம், இரண்டு கிலோ என்று ஒரு கூட்டம். எழுதி முடித்ததும் மூடியிருக்கும் துணியை எடுப்பேன். ஒரு கிலோ. பிறகு ஒரு பக்கக் கல்லை எடுத்துவிட்டுக் கயிற்றை ஆணியில் கட்டுவேன். அதே ஒரு கிலோ. ஆணியும் ஒரு கிலோவுக்குரிய விசையில் இழுக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ள ஒரு முழு வகுப்பு ஆகும். ஆகட்டும்.

கல்லூரியில் லிஃப்ட் இருந்தால் எடை மெஷினை அதில் வைத்து ஒருவரை ஏற்றுங்கள். லிஃப்ட் மேலே கிளம்பும் கணத்தில் முள் ஏறும், நிற்கும் கணத்தில் இறங்கும், நடுவில் ஒரே வேகத்தில் போகும்போது பழைய எண்ணே காட்டும். நார்மல் விசை எப்போதும் எடைக்குச் சமம் இல்லை என்பதைச் சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. டிஜிட்டல் மெஷின் எண்ணைப் பூட்டிவிடும், முள் வைத்த பழைய வகையைத் தேடி வாங்குங்கள்.

7. உராய்வை அவசரப்படுத்தாதீர்கள்

20 கிலோ பெட்டி, ஓய்வுநிலை உராய்வுக் கெழு 0.4. கிடைமட்டமாக 50 நியூட்டனில் இழுக்கிறோம். உராய்வு எவ்வளவு?

கெழுவை நார்மல் விசையால் பெருக்கி 78.5 நியூட்டன் என்று எழுதுவார்கள். அப்படியென்றால் பெட்டி இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஓட வேண்டும்! 78.5 என்பது உராய்வு போகக்கூடிய எல்லை. இழுப்பது 50 என்றால் உராய்வும் 50-தான். 70 என்றால் 70. 90-ல் எல்லை தாண்டி நகரும். அப்போது இயக்க உராய்வுக் கெழு 0.3 என்றால் உராய்வு 58.9 நியூட்டனுக்கு இறங்கிவிடும், முடுக்கம் 1.56 மீட்டர்/வினாடி².

ஆகவே உராய்வுக் கணக்கின் வரிசை: முதலில் நகரவில்லை என்று வைத்துக்கொண்டு, சமநிலைக்கு எவ்வளவு உராய்வு வேண்டும் என்று கண்டுபிடி. பிறகு எல்லை எவ்வளவு என்று பார். தேவை எல்லைக்குள் இருந்தால் தேவைதான் விடை. தாண்டினால் மட்டுமே இயக்கக் கெழு. "நகரத் தொடங்கும் தறுவாயில்" என்று கேள்வியில் இருந்தால் மட்டும் நேராக எல்லைக்குப் போகலாம். நம் தேர்வுக் கணக்குகளில் பெரும்பாலும் அந்தச் சொற்கள் இருப்பதால், உராய்வு என்றாலே எல்லைதான் என்று மாணவன் முடிவு கட்டிவிடுகிறான்.

அதே பெட்டியை 60 நியூட்டனில் 30 பாகை மேல்நோக்கிச் சாய்த்து இழுக்கச் சொல்லுங்கள். நார்மல் விசை 196.2 இல்லை, 166.2. எஃப்பிடி ஒழுங்காக வரைந்தவர்களுக்கு இது தானாக வரும்.

8. இப்போது கணக்கு

இங்கே வேகமாகப் போகலாம். அடித்தளம் இருந்தால் கணக்கு சீக்கிரம் வரும்.

டுட்டோரியல் நேரத்தில் மூன்று மூன்று பேராக உட்கார வையுங்கள். நான்கு பேர் என்றால் ஒருவர் வேடிக்கை பார்ப்பார். பேனா, குழுவில் தயங்கும் ஒருவரிடம் இருக்கட்டும், மற்ற இருவரும் சொல்ல வேண்டும். நன்றாகப் படிப்பவர் பேனாவைப் பிடித்தால் அந்தக் குழுவில் ஒருவர்தான் படிக்கிறார் என்று பொருள்.

எண்ணைப் போடும் முன் விடை எந்த எல்லைக்குள் வரும் என்று எழுத வையுங்கள். கப்பியில் ஒரு பக்கம் 2 கிலோ, மறுபக்கம் 3 கிலோ. இழுவிசை 2 கிலோவின் எடையான 19.6-க்கு மேல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது மேலே ஏறாது. 3 கிலோவின் எடையான 29.4-க்குக் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இது கீழே இறங்காது. இதை எழுதியவர் இழுவிசை 29.4 என்று விடை தர மாட்டார். கணக்கிட்டால் 23.5 நியூட்டன், முடுக்கம் 1.96. முடிந்ததும் இரண்டு நிறையும் சமம் என்று சூத்திரத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், முடுக்கம் பூஜ்யம் வர வேண்டும்.

9. மதிப்பெண்ணில் வராததை யாரும் படிக்க மாட்டார்கள்

அண்ணா பல்கலைக்கழக செமஸ்டர் தாள் இரண்டு மதிப்பெண், 13 மதிப்பெண், 15 மதிப்பெண் என்று போகும். அதை நாம் மாற்ற முடியாது. இன்டர்னலை மாற்றலாம்.

13 மதிப்பெண் கணக்கில் ஐந்தை எஃப்பிடிக்கு ஒதுக்குங்கள். படம் தவறாக இருந்து விடை எப்படியோ சரியாக வந்திருந்தாலும் அந்த ஐந்து கிடையாது. முதல் இன்டர்னலில் அழுத்தமாக எதிர்ப்பு வரும், இரண்டாவதில் எல்லோரும் வேலி போட்டு வரைவார்கள். இரண்டு மதிப்பெண் கேள்விகளில் பாதியை எண்ணில்லாத கேள்விகளாக வையுங்கள். வரையறை கேட்டால் மனப்பாடம்தான் வரும்.

10. "சார், நீங்க பாடமே நடத்தல"

மூன்றாவது வாரம் இந்த வார்த்தை வரும். தயாராக இருங்கள், மனம் உடையாதீர்கள்.

ஹார்வர்டில் 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், தாங்களே வேலை செய்து படித்த மாணவர்கள் தேர்வில் அதிகம் பெற்றார்கள், ஆனால் குறைவாகவே கற்றுக்கொண்டதாக உணர்ந்தார்கள். நன்றாகப் பேசும் ஆசிரியரைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நிறையப் புரிந்ததுபோல இருந்தது. இதை வகுப்பிலேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள், இரண்டாம் வாரமே. கஷ்டமாக இருப்பது படிக்காததன் அடையாளம் இல்லை என்று தெரிந்தால் பெரும்பாலோர் ஒத்துழைப்பார்கள்.

போர்ஷன் முடியுமா என்ற கவலை உண்மையானது. நேரத்தை எங்கிருந்து எடுப்பது? நான் பலகையில் எழுதி அவர்கள் பிரதி எடுத்த எல்லாவற்றிலிருந்தும் எடுத்தேன். மையப்புள்ளி, பரப்பின் நிலைமத் திருப்புத்திறன் ஆகியவற்றின் நீண்ட தருவிப்புகளை அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, வகுப்பில் ஒரு கூட்டு வடிவத்தை மட்டும் போடுகிறேன். ஒரே மாதிரியான ஐந்து கணக்கில் இரண்டு போதும். முதல் இரண்டு யூனிட்டில் பின்தங்கித்தான் இருப்பீர்கள். உராய்வு, டைனமிக்ஸ் யூனிட்டுகளில் அதைப் பிடித்துவிடலாம், ஏனென்றால் அங்கே மறுபடி மறுபடி எஃப்பிடி சொல்லிக்கொடுக்கும் வேலை இருக்காது.

எல்லாவற்றையும் ஒரே செமஸ்டரில் செய்யாதீர்கள். முதல் முறை 2, 4, 9 மட்டும். அடுத்த முறை கேள்வி கேட்கும் வரிசை. நான் பார்த்தவரை, எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கியவர்கள் ஐந்தாவது வாரத்தில் களைத்துப்போய்ப் பழைய நோட்ஸுக்குத் திரும்பிவிட்டார்கள்.

11. கடைசி வாரம்: அதே தாள் மறுபடி

முதல் நாள் வைத்த தாளை முன்னறிவிப்பு இல்லாமல் வையுங்கள். வகுப்பின் சராசரியை எடுங்கள். முன்னர் 30 சதவீதம், இப்போது 58 என்று வைத்துக்கொள்வோம். ஏற வாய்ப்பிருந்தது 70, ஏறியது 28. வகுத்தால் 0.40.

இந்த எண்ணை ஒப்பிட ஓர் அளவுகோல் உண்டு. அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ரிச்சர்ட் ஹேக் 1998-ல் 62 பாடப் பிரிவுகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் முடிவுகளைத் தொகுத்தபோது, வெறும் விரிவுரை நடந்த வகுப்புகளின் சராசரி 0.23. மாணவர்கள் பேசி, வரைந்து, ஊகித்துப் படித்த வகுப்புகளில் 0.48. முதல் ஆண்டிலேயே 0.48 வராது. 0.3 வந்தாலே பாதை சரி.

சராசரியோடு நிறுத்திவிடாதீர்கள். கேள்வி கேள்வியாகப் பிரித்து, எது நகரவே இல்லை என்று பாருங்கள். என் வகுப்பில் மூன்றாம் விதிக் கேள்விகள் நன்றாக ஏறின, வட்ட இயக்கக் கேள்விகள் இருந்த இடத்திலேயே நின்றன. அந்த ஆண்டு வட்ட இயக்கத்துக்கு நான் ஊகிக்கும் செயல்விளக்கம் எதுவும் வைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஒரு தட்டில் விளிம்பைப் பாதி வெட்டி, அதற்குள் கோலிக்குண்டை உருட்டி, வெட்டிய இடத்தில் எந்தப் பக்கம் போகும் என்று எழுதி வாங்கினேன். வளைந்தே போகும் என்று எழுதியவர்கள், அது தொடுகோட்டில் நேராக ஓடியதைப் பார்த்து மறுபடி மறுபடி உருட்டச் சொன்னார்கள். நகராத கேள்விகளின் பட்டியலை ஒரு தாளில் எழுதி, அந்தச் சாமான் பையிலேயே போட்டு வையுங்கள்.